பொய்கையில் காளை வாங்குவதா, சினை ஊசியே போதுமா?

செவ்வாய்க்கிழமை வேலூர்ப் பக்கத்துப் பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போனால் கறவை மாட்டைவிடக் காளையைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத் தரகர்கள் விலை பேசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் நிற்பவர்கள் திமிலைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். அந்தக் காளை வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும் என்று கேட்பவரை மட்டும் அங்கே பார்ப்பது அரிது. வேலூர், குடியாத்தம், அணைக்கட்டு வட்டாரத்தில் ஐந்து முதல் இருபது கறவை வரை வைத்திருப்பவர்களிடம் இப்போது ஒரு பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. சினை ஊசி, அதாவது செயற்கைக் கருவூட்டல், போட்டுப் போட்டும் சினை நிற்காமல் மாடு திரும்பிக்கொண்டே இருக்கிறது, பேசாமல் ஒரு காளை வாங்கி வைத்துவிட்டால் என்ன என்கிறார்கள்.

என் மாமா ஒருவரும் இதையே கேட்டார். அவரிடம் இருப்பவை 12 கலப்பினக் கறவைகள். "ஒரே ஒருமுறை 55,000 கொடுத்துவிட்டால் தொல்லை விட்டது மாப்பிள்ளை" என்றார். அந்த 55,000 இந்தக் கணக்கில் மிகச் சிறிய தொகை என்பதை அவருக்குச் சொல்ல, ஒரு பழைய நோட்டில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது.

நாலு பல் போட்ட, 400 கிலோவுக்குக் குறையாத ஜெர்சி கலப்பினக் காளை என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்குப் பசுந்தீவனம் 20 கிலோ, வைக்கோல் 4 கிலோ, கலப்புத் தீவனம் இரண்டரைக் கிலோ கொடுத்தால்தான் அது இனச்சேர்க்கைக்குத் தகுந்த உடம்போடு இருக்கும். சொந்த நிலத்துப் புல்லுக்கும் ஒரு விலை உண்டு; கிலோ 3 ரூபாய் என்றே வைத்தேன். வைக்கோல் 10, கலப்புத் தீவனம் 30. கூட்டினால் நாளைக்கு 175 ரூபாய், ஆண்டுக்கு ஏறத்தாழ 64,000. மூன்று ஆண்டு கழித்து 40,000-க்கு விற்றால் வாங்கிய விலையில் ஆண்டுக்கு 5,000 தேய்மானம். மருந்து, கயிறு, லாடம் என்று இன்னும் ஓர் ஆயிரம். மொத்தம் ஆண்டுக்கு 70,000. இதில் ஆள் கூலியைச் சேர்க்கவே இல்லை. உங்கள் ஊரில் விலைகள் வேறாக இருந்தால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் போக்கு மாறாது.

12 மாட்டுக்கு 70,000 என்றால் ஒரு மாட்டைச் சினையாக்க 5,800 ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஒரு வளர்ந்த காளையால் ஆண்டுக்கு 50, 60 மாடுகளைச் சமாளிக்க முடியும். 12 மாட்டுக்காக அதைக் கட்டி வைத்தால் ஆண்டின் பெரும்பகுதி அது சும்மா நின்று தின்றுகொண்டிருக்கும்.

இனி ஊசியின் கணக்கு. வீட்டுக்கு வந்து போட ஒருமுறைக்கு 300 ரூபாய் என்று வைக்கிறேன். அரசுக் கால்நடை மருந்தகத்துக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் இதைவிடக் குறைவாகவே ஆகும். ஊசியின் விலையைவிடப் பெரிய செலவு, ஊசி தவறிய பிறகு கழியும் 21 நாள்தான். சினை நிற்காத மாடு அடுத்த பருவத்துக்கு வர அத்தனை நாளாகும். கறவை இறங்கிக்கொண்டிருக்கும், தீவனம் மட்டும் இறங்காது. அந்த நட்டத்தை நாளைக்கு 100 ரூபாய் என்று குறைவாகவே வைத்தேன். காளைக்குச் சேர்த்தால் நூற்றுக்கு 60 சினை நிற்கும் என்று தாராளமாகக் காளைக்கே சாதகமாக எடுத்துக்கொண்டேன்.

ஊசியில் நூற்றுக்கு 40 நின்றால், ஒரு சினைக்குச் சராசரி இரண்டரை ஊசி, 750 ரூபாய். காளையோடு ஒப்பிட்டால் கூடுதலாகக் கழியும் நாள் 17, 18, அதற்கு 1,750. ஆக மாட்டுக்கு 2,500. நூற்றுக்கு 30 மட்டுமே நின்றால் இது 4,500 ஆகிவிடும். 50 நின்றால் 1,300 தான். 70,000-ஐ இந்த மூன்றாலும் தனித்தனியாக வகுத்துப் பாருங்கள். ஊசி மிக மோசமாக நடக்கும் வீட்டில் 16 மாடு இருந்தால் காளை கட்டுப்படியாகும். சுமாராக நடக்கும் வீட்டில் 28 மாடு வேண்டும். ஊசி சரியாக நடக்கும் வீட்டில் 54 மாடு இருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு காளையின் சக்தி முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடும். மாமாவிடம் இருப்பது 12. அவர் வீட்டு ஊசிக் கதை நூற்றுக்கு 30 என்ற அளவுக்கு மோசமாக இருந்தாலும், பணக் கணக்கில் காளை வெல்லவில்லை.

"கணக்கில் வெல்லாவிட்டாலும் காளை இருந்தால் பருவத்தை அதுவே கண்டுபிடித்துவிடுமே" என்றார் மாமா. நியாயமான வாதம்தான். மந்தையோடு அவிழ்த்துவிட்ட காளை, மாடு பருவத்துக்கு வருவதற்கு முன்பே மோப்பம் பிடித்து அதன் பின்னாலேயே சுற்றும். வெளியே அறிகுறி காட்டாத ஊமைப் பருவம்கூட அதனிடம் தப்பாது. ஆனால் நம் பக்கம் காளையை யார் அவிழ்த்துவிடுகிறார்கள்? மாடும் தறியில், காளையும் தறியில். மாடு பருவத்துக்கு வந்ததை மனிதன் பார்த்து, கயிற்றை அவிழ்த்து, காளையிடம் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். காளையின் ஆகப் பெரிய திறமையைக் கயிற்றால் கட்டிப்போட்டுவிட்டு, மிச்சத்துக்கு ஆண்டுக்கு 70,000 கொடுக்கிறோம்.

பருவத்தைப் பார்க்கும் கண் இல்லாத வீட்டில் ஊசியும் தோற்கும், தறியில் கட்டிய காளையும் தோற்கும்.

கலப்பின மாட்டின் சினைப்பருவம் பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரம்தான். அதிலும் விடியற்காலையிலும் இரவிலும்தான் அறிகுறிகள் தெளிவாகத் தெரியும். பகல் பதினொரு மணிக்குத் தொழுவத்துக்குப் போய், "மாடு கத்தவே இல்லையே" என்று சொல்வதில் பயனில்லை. நாலரை, ஐந்து மணிக்குப் பால் கறக்கப் போகும்போது, கையில் செம்போடு இரண்டு நிமிடம் மாட்டின் பின்னால் நில்லுங்கள். வாலுக்கு அடியில் கண்ணாடி போன்ற வழும்பு கயிறாகத் தொங்குகிறதா, வாலிலும் பின்தொடையிலும் அது காய்ந்து ஒட்டியிருக்கிறதா, வால் அடியில் மயிர் கலைந்திருக்கிறதா, பால் திடீரென்று குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். மற்ற மாடு மேலே ஏறும்போது விலகாமல் நின்றால் சந்தேகமே இல்லை. காலையில் கண்டால் அன்று மாலை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை ஊசி. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே 30-ல் இருப்பவர் 40-க்கு வந்துவிடலாம்.

வேலூர் வெயிலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கத்திரி வெயிலில் 40 பாகைக்கு மேல் போகும் நாட்களில் மாடு வாயைத் திறக்காது, பருவம் வந்ததே தெரியாது, ஊசி போட்டாலும் நிற்பது குறைவு. மே மாதத்தில் மூன்று மாடு திரும்பியது என்பதற்காக ஜூனில் காளை தேடிப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூரைக்கு மேல் தென்னை ஓலை பரப்பி, மதியம் இரண்டு முறை மாட்டின் மேல் தண்ணீர் ஊற்றியிருந்தால் அந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

ஊசி போடுபவரையும் கொஞ்சம் கவனியுங்கள். உறைவிந்துக் குச்சி திரவ நைட்ரஜனில் கழித்தல் 196 பாகையில் இருக்கிறது. அதைக் கேனிலிருந்து எடுத்த உடனே 37 பாகை வெதுவெதுப்பான நீரில் 30 விநாடி வைத்து, ஈரத்தைத் துடைத்து, முனையை வெட்டி, துப்பாக்கி என்று அவர்கள் சொல்லும் கருவியில் ஏற்ற வேண்டும். சிலர் குச்சியை அக்குளில் சொருகிக்கொண்டே பேச்சுக் கொடுப்பார்கள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெரு முனையிலிருந்து வருபவர்களும் உண்டு. அப்படி வந்தவரிடம், "அண்ணா, வெந்நீர் இதோ இருக்கிறது" என்று ஒரு சொம்பை நீட்டுங்கள். கோபித்துக்கொண்டால் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடலாம். காலிக் குச்சியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதன் மேல் காளையின் எண், இனம், தயாரித்த நிலையம் எல்லாம் அச்சாகியிருக்கும். அதைத் தேதியோடு நோட்டில் எழுதி வைத்தால், அந்தக் கன்று வளர்ந்து பருவத்துக்கு வரும்போது அதே காளையின் விந்தை அதற்குப் போடாமல் தப்பிக்கலாம்.

இதுவரை சொன்னது செலவு. வருமானப் பக்கம் இன்னும் பெரியது, ஆனால் கண்ணுக்குத் தெரிய மூன்றரை ஆண்டு ஆகும் என்பதால் யாரும் எழுதுவதில்லை. இன்று சினையாகும் மாடு ஒன்பது மாதம் கழித்துக் கிடாரி போட்டு, அது வளர்ந்து தலையீற்றுப் பால் கறக்க அத்தனை காலம் பிடிக்கும். கிடாரியின் பால் திறனில் பாதி அப்பன் வழியாக வருகிறது. ஓசூர், தஞ்சாவூர் பக்கத்து ஈச்சங்கோட்டை, உதகமண்டலம் ஆகிய இடங்களில் உள்ள அரசு உறைவிந்து நிலையங்களில் காளையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் தாய் எவ்வளவு கறந்தது என்ற பதிவைப் பார்க்கிறார்கள். சந்தைக் காளைக்கு இருப்பது தரகரின் வாய்மொழி. "இதன் தாய் வேளைக்குப் பத்து லிட்டர் கறந்தது" என்பார். அந்தத் தாயைக் காட்டச் சொன்னால், அது போன வருடமே விற்றாகிவிட்டது என்பார்.

நல்ல காளையின் மகள் நாளைக்கு ஒரே ஒரு லிட்டர் கூடுதலாகக் கறக்கிறது என்று வையுங்கள். 300 நாள் கறவையில் 300 லிட்டர். ஆவின் 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை 32-லிருந்து 35 ஆக்கியது. 2023 டிசம்பரில் அதன் மேல் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. 38 ரூபாயில் 300 லிட்டர் என்றால் 11,400. 12 மாட்டில் ஆண்டுக்கு 5 கிடாரி தேறினால், ஒரே ஈற்றில் 57,000. மாமா பொய்கையில் கொடுக்க நினைத்த விலையைவிட இது அதிகம். காளை மோசமானதாக அமைந்துவிட்டால் இதே தொகை எதிர்ப்பக்கம் போகும். அதுவும் ஒவ்வோர் ஈற்றிலும்.

ஊர்க் காளைக்கு ஓட்டிக்கொண்டு போவதுதான் செலவு குறைந்த வழி என்று தோன்றும். முன்பு கோயில் காளை ஊரையே சுற்றி வரும். எல்லார் வயலிலும் மேயும், யாரும் அடிக்க மாட்டார்கள். இப்போது சினைக்கு விடும் பொலிகாளை வைத்திருப்பவர் ஒரு சேர்க்கைக்குச் சில நூறு வாங்கிக்கொள்கிறார். காளையின் தீவனச் செலவு உங்களுடையது அல்ல, அவருடையது. ஆனால் அந்தக் காளை நேற்று யார் வீட்டு மாட்டோடு சேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. விப்ரியோசிஸ், ட்ரைக்கோமோனியாசிஸ் என்ற இரண்டு நோய்களும் சேர்க்கையின் வழியாகவே பரவுகின்றன. காளையிடம் வெளியே எதுவும் தெரியாது. மாடுகள்தான் வரிசையாகத் திரும்பும், இளங்கரு கலையும். மூன்று முறை திரும்பிய மாட்டை, "ஊசி சரிப்படவில்லை, காளைக்குக் காட்டுவோம்" என்று ஓட்டிக்கொண்டு போகும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த மாடு திரும்புவதற்குக் கருப்பையில் தொற்று காரணமாக இருந்தால், நாம் ஊர்க் காளைக்கே நோயைக் கொடுத்துவிட்டு வருகிறோம். திரும்பும் மாட்டை முதலில் மருத்துவரிடம் காட்டுவதுதான் முறை. 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வீட்டுக்கே வருகிறது.

புரூசெல்லோசிஸ் இதைவிடப் பொல்லாதது. ஏழெட்டு மாதச் சினையில் கன்று விழும். விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுப்பவருக்கும் விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும், மூட்டு வலி மாதக்கணக்கில் படுத்தும். கிடாரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் ஒரே ஒரு தடுப்பூசி போட்டுவிட்டால் போதும். பக்கத்தில் ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் வைத்திருக்கும் வட்டாரத்துக்காரர்கள் நாம். இதில் அலட்சியம் காட்டுவது அழகல்ல.

பாலினம் பிரித்த விந்து பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூற்றுக்கு 90 கிடாரி கிடைக்கும். காளைக் கன்றை என்ன செய்வது என்று தவிக்கும் வீட்டுக்கு இது பெரிய வசதி. குச்சியில் உயிரணுக்கள் குறைவு என்பதால் சினை நிற்பதும் சாதாரண ஊசியைவிடக் குறையும். 2024 அக்டோபரில் உள்நாட்டுத் தொழில்நுட்பம் அறிமுகமான பிறகு விலை இறங்கி வருகிறது. இதை முதல் தடவை பருவத்துக்கு வரும் நல்ல உடம்புள்ள கிடாரிகளுக்கும், உங்களிடம் உள்ள மிகச் சிறந்த இரண்டு மூன்று கறவைகளுக்கும் போடுங்கள். ஏற்கெனவே இரண்டு முறை திரும்பிய மாட்டுக்குப் போட்டால் பணம் வீண்.

எந்த இனம் என்ற கேள்வியில் எனக்குப் பெரிய குழப்பமில்லை. சமவெளிக்கு ஜெர்சி, குளிர்ந்த மலைக்கு ஹோல்ஸ்டீன் என்பதுதான் தமிழ்நாட்டின் நீண்டகாலக் கொள்கை. பாலாற்றங்கரை வெயிலுக்கு ஜெர்சி கலப்பினமே பொருந்துகிறது. பால் சங்கத்தில் கொழுப்பும் திடப்பொருளும் பார்த்துத்தான் காசு தருகிறார்கள் என்பதால், ஹோல்ஸ்டீனின் கூடுதல் லிட்டரில் ஒரு பங்கு அங்கேயே கழிந்துவிடும். சிறிய கிடாரிக்குப் பெரிய ஹோல்ஸ்டீன் காளையைச் சேர்த்தால் கன்று போடும்போது படும் பாடு வேறு.

எருது விடும் விழாவில் ஓடிப் பரிசு வாங்கிய காளையைக் கறவை மந்தைக்குச் சேர்க்க ஆசைப்படுபவர்களும் இங்கே உண்டு. லட்சக்கணக்கில் விலை போகும் காளை ஆயிற்றே, அதன் மகள் பாலும் கறக்கும் என்று நினைப்பு. ஓட்டத்துக்குக் கொடுக்கும் விலை ஓட்டத்துக்கு மட்டுமே. நாட்டு மாடு வளர்க்க விரும்பினால் அது வேறு முடிவு. அங்கே கணக்கைப் பாலில் மட்டும் பார்க்க முடியாது. 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகராக இருந்த சித்தூர்ப் பக்கத்துப் புங்கனூர்க் குட்டை மாட்டுக்கு இப்போது நகரத்துக்காரர்கள் கொடுக்கும் விலையைப் பார்த்தால் பால் கணக்கே மறந்துபோகும்.

அப்படியானால் காளை யாருக்கு? ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மாடுகளைக் காட்டில் மேயவிட்டு மாலையில் பட்டியில் அடைப்பவர்களுக்குக் காளைதான் சரி. பருவம் பார்க்க ஆளில்லை, ஊசிக்காரர் வந்து சேர்வதற்குள் பருவம் முடிந்துவிடும், காளைக்கும் தனித் தீவனச் செலவு இல்லை. சமவெளியில் 30 மாட்டுக்கு மேல் வைத்து, வேலி போட்ட இடத்தில் அவிழ்த்துவிட்டு வளர்ப்பவருக்கும் அது பொருந்தும். ஊசியை முதல் இரண்டு பருவத்துக்கு வைத்துக்கொண்டு, அதிலும் நிற்காதவற்றுக்கு மட்டும் காளை என்று கலந்து செய்பவர்களும் இருக்கிறார்கள். பெரிய பண்ணைக்கு அது நல்ல ஏற்பாடு. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு காளையைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாமே என்றால், செலவு பங்காகும், நோயும் பங்காகும்.

எப்படியும் வாங்கத்தான் போகிறேன் என்பவர், சந்தையில் திமிலை விட்டுவிட்டுப் பின்னங்காலைப் பாருங்கள். பத்தடி நடக்கவிட்டு, குளம்பு தேய்ந்திருக்கிறதா, பின்கால் தாங்குகிறதா என்று கவனியுங்கள். பின்காலில் பலமில்லாத காளை ஏறாது. இரண்டு விதையும் ஒரே அளவில் இறங்கியிருக்க வேண்டும். வளர்ந்த காளைக்கு விதைப்பையின் சுற்றளவு 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. தையல்காரர் நாடாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனால் தரகர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுவந்த காளையை ஒரு மாதம் தனியே கட்டி, இரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகே மாட்டிடம் விட வேண்டும். இளங்காளைக்கு வாரம் இரண்டு சேர்க்கைக்கு மேல் கூடாது. 2019-ஆம் ஆண்டு மாட்டின இனப்பெருக்கச் சட்டம் பொலிகாளைக்குப் பதிவும் சான்றும் கேட்கிறது. மருந்தகத்தில் விசாரித்து அதையும் முடித்துக்கொள்ளுங்கள். ஜெர்சிக் காளை வயது ஏற ஏற முரட்டுத்தனம் காட்டும், அதுவும் தினமும் தீவனம் போடும் ஆளிடமே காட்டும். வீட்டில் பெண்களும் வயதானவர்களும்தான் மாடு பார்க்கிறார்கள் என்றால் மூக்கணாங்கயிறும் உறுதியான தனித்தறியும் இல்லாமல் அதை உள்ளே கொண்டுவர வேண்டாம். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் அதன் மகள்கள் பருவத்துக்கு வந்துவிடும். அதற்கு முன்பே காளையை விற்றுவிட வேண்டும், அல்லது தூரத்து ஊர்க்காரர் ஒருவரோடு மாற்றிக்கொள்ள வேண்டும்.